எங்கள் ஊர்க் கூழைக்கடாவுக்கு ஆஸ்திரேலியா பாஸ்போர்ட் வேண்டாம்

புதுச்சேரி, கடலூர் செய்தியாளர்களுக்கும் யூடியூப் நண்பர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள செய்தியாளர்களே, ஒளிப்பதிவாளர்களே, கைபேசியும் மைக்குமாக ஏரிக்கரைக்கு வந்து நிற்கும் தம்பி தங்கைகளே,

வணக்கம்.

ஐப்பசி மழை நாலு நாள் நின்று பெய்து ஊசுட்டேரியில் தண்ணீர் ஏறிவிட்டால் போதும், ஒரு செய்தி தவறாமல் வந்துவிடும்: ‘ஊசுட்டேரியில் வெளிநாட்டுப் பறவைகள் குவிந்தன’. அடுத்த வரியில் ஆஸ்திரேலியா, சைபீரியா, ஐரோப்பா என்று ஒரு பட்டியல். பக்கத்திலேயே கண்ணைப் பறிக்கும் படங்கள். படத்தில் இருப்பது யார் என்று பார்த்தால் ஒன்று கூழைக்கடா (பெலிக்கன் என்பார்களே, அது), ஒன்று வர்ண நாரை, இன்னொன்று நத்தைக்குத்தி நாரை. இடம் மிச்சம் இருந்தால் ஓரத்தில் ஓர் உண்ணிக்கொக்கு. ஆமாம், பாகூர் பக்கம் மாட்டு முதுகில் சவாரி போகிற அதே உண்ணிக்கொக்குதான்.

கடலூர்க்காரர்கள் சிரிக்க வேண்டாம். வீராணத்திலும் குறிஞ்சிப்பாடி பக்கத்துப் பெருமாள் ஏரியிலும் இதே கதைதான். ஏரியின் பெயரை மட்டும் மாற்றினால் செய்தி அப்படியே பொருந்தும்.

நான் வில்லியனூரில் குடியிருப்பவன். பறவை நூல் பிடித்துப் பாடம் படித்தவன் இல்லை. ஏரி பக்கத்தில் இருக்கிறது, பைனாகுலர் கையில் இருக்கிறது, விடிகாலையில் தூக்கம் வருவதில்லை, அவ்வளவுதான் என் தகுதி. உங்கள் செய்தியைக் குறை சொல்லி மானத்தை வாங்குவது என் நோக்கம் இல்லை. ஏரியில் குப்பை கொட்டினால், கழிவுநீர் கலந்தால் முதலில் கேட்கிற ஆட்கள் நீங்கள். அதனால்தான் உரிமையோடு இதை எழுதுகிறேன்.

முதலில் இந்த ஆஸ்திரேலியா விஷயத்தை முடித்துவிடுவோம். டிசம்பர் கடைசியில் மெல்போர்னில் டெஸ்ட் போட்டி பார்க்கிறோமே, மைதானத்தில் ஆட்கள் தொப்பியும் கண்ணாடியுமாகக் காய்ந்துகொண்டிருக்கிறார்களே, அது அவர்களுக்குக் கோடை. குளிருக்குப் பயந்து ஊரை விட்டுக் கிளம்பும் பறவை கோடைகாலத்தில் எதற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து கிளம்பப்போகிறது? நமக்குக் குளிர்கால விருந்தாளிகள் வருவதெல்லாம் வடக்கிலிருந்து. இமயமலை, திபெத், மங்கோலியா, கஜகஸ்தான், ரஷ்யா, அதற்கும் மேலே ஆர்க்டிக் ஓரம். அங்கே நிலம் உறைந்துபோகும்போது தெற்கே இறங்குகின்றன. மத்திய ஆசிய வான்பாதை என்று இதற்குப் பெயர். ஆர்க்டிக்கில் தொடங்கி இந்தியப் பெருங்கடல் வரை முப்பது நாடுகளைத் தொட்டுக்கொண்டு வரும் பாதை அது. ஊசுட்டேரி அதில் கீழ்க்கோடியில் இருக்கும் ஒரு நிறுத்தம்.

இனி உங்கள் படத்தில் இருக்கும் ஆட்களுக்கு வருவோம்.

கூழைக்கடா, அதிலும் இங்கே நாம் பார்க்கும் புள்ளி அலகுக் கூழைக்கடா, முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது நம் ஊர்ப்பக்கத்தில்தான். மதுராந்தகம் அருகே வேடந்தாங்கல், திருநெல்வேலிச் சீமையில் கூந்தன்குளம், ஆந்திராவில் நேலப்பட்டு, கர்நாடகாவில் கொக்கரே பெல்லூர். இதெல்லாம் அதன் பிரசவ ஊர்கள். மற்ற நாளில் எங்கே மழை பெய்திருக்கிறது, எந்த ஏரியில் மீன் இருக்கிறது என்று பார்த்து ஊர் ஊராகச் சுற்றும். வேலை தேடித் திருப்பூர் போய்வரும் பையனை நாம் வெளிநாட்டுக்காரன் என்றா சொல்கிறோம்?

வர்ண நாரையும் அப்படித்தான். சில பேர் மஞ்சள்மூக்கு நாரை, சங்குவளை நாரை என்றும் சொல்வார்கள். இறக்கையின் பின்புறம் ரோஜா நிறத்தில் சாயம் தோய்த்ததுபோல இருப்பதால் பார்த்தவுடனே ‘இது நம்ம ஊர் கிடையாது’ என்று தோன்றிவிடுகிறது. அழகாக இருந்தால் அயல்நாடு என்று எடுத்துக்கொள்வது நமக்குப் பழகிப்போய்விட்டது.

நத்தைக்குத்தி நாரையைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். இது கரையோரச் சேற்றிலேயே மேயும் என்பதால் பைனாகுலர் இல்லாமலேகூடப் பார்க்கலாம். அலகை மூடினாலும் நடுவில் ஒரு சந்து இருக்கும், பாக்குவெட்டி சரியாக மூடாமல் நிற்பதுபோல. இது பிறவியிலேயே வருவதில்லை. குஞ்சுக்கு அலகு நேராகத்தான் இருக்கும். வளர வளரத்தான் சந்து விழும். பறவை தலையைத் தண்ணீருக்குள் விட்டு, சேற்றில் அலகால் துழாவி, ஆப்பிள் நத்தை ஒன்றைக் கவ்வி எடுக்கும். பிறகு ஓட்டை உடைக்காமல், கீழ் அலகின் நுனியை நத்தையின் வாய்மூடிக்குள் நுழைத்து, சதையை ஓட்டோடு பிடித்திருக்கும் தசையை அறுக்கும். தலையை இரண்டு தரம் உதறும். சதை தொண்டைக்குள், ஓடு சேற்றில். அது மேய்ந்துவிட்டுப் போன இடத்தில் முழுசாக வெற்று ஓடுகள் கிடக்கும், போய்ப் பாருங்கள். இதை ஒரு நிமிடம் ஆடாமல் படம் பிடித்துப் போட்டால் எந்தச் சைபீரியாவும் தேவைப்படாது, பார்வை தானாக ஏறும்.

‘சரி, எந்த நாடாக இருந்தால் என்ன, பறவை பறவைதானே, ஜனங்கள் ஏரிக்கு வந்தால் போதாதா?’ என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் ஒருகாலத்தில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் கரையில் நின்று ஜனங்கள் பேசிக்கொள்வதைக் கேட்கக் கேட்க எண்ணம் மாறியது. போன சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு பைக்கில் வந்த பையன், ஆறாவது ஏழாவது படிப்பான், கூழைக்கடாக் கூட்டத்தைக் காட்டி, “அங்கிள், இது எந்த நாட்டுப் பறவை?” என்று கேட்டான். வேடந்தாங்கல் என்றேன். முகம் சுருங்கிவிட்டது. “அவ்ளோதானா?” என்றான். அப்பா உடனே, “சும்மா சொல்றாருடா, பேப்பர்ல ஆஸ்திரேலியான்னு போட்டிருந்தான்” என்று சமாதானம் செய்து கூட்டிக்கொண்டு போனார். பேப்பருக்கும் எனக்கும் போட்டி என்றால் நான் தோற்பதுதான் முறை. ஆனால் அந்தப் பையன் கண்ணில் கூழைக்கடாவின் மதிப்பு ஒரே நொடியில் இறங்கிப்போனதே, அது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நம்முடையது என்று நினைத்தால் மதிப்பு குறையும் என்பது இங்கேதான். பறவைகளை உண்மையில் காப்பாற்றிய ஊர்களைப் பாருங்கள், கதை தலைகீழாக இருக்கும். வேடந்தாங்கல் விவசாயிகளுக்குப் பறவையின் எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம். அதனால் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட வந்தபோது கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். 1798இலேயே செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ் காலத்தில் அந்தப் பாதுகாப்புக்கு எழுத்து மூலமான அங்கீகாரம் கிடைத்தது. அரசு அதைச் சரணாலயமாக அறிவித்தது 1936இல்தான். கூந்தன்குளத்திலும் கொக்கரே பெல்லூரிலும் பறவைகள் தெருவோர மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. கீழே எச்சம் விழுகிறது, மீன் நாற்றம் அடிக்கிறது, ஆனாலும் விரட்டுவதில்லை. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிச் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டியில் தீபாவளிக்குப் பட்டாசே வெடிப்பதில்லை. இங்கே எங்கேயும் ‘வெளிநாட்டு விருந்தாளி’ என்று சொல்லிக் காப்பாற்றவில்லை. பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பெண்ணைப்போல வைத்துக்கொண்டார்கள்.

விருந்தாளி என்றாலே மூன்று நாள் கணக்குதான். உங்கள் கேமராவும் நவம்பரில் வருகிறது, பொங்கலோடு போய்விடுகிறது. அதற்குப் பிறகு ஏரியில் என்ன நடக்கிறது என்று கேட்க ஆள் இல்லை.

என்ன நடக்கிறது என்று நான் சொல்கிறேன்.

ஊசுட்டேரி எண்ணூறு ஹெக்டேர் அளவு பெரிய ஏரி. அதில் புதுச்சேரிப் பக்கத்து 390 ஹெக்டேரை 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். மீதி விழுப்புரம் மாவட்டத்துக்குச் சொந்தம். அந்தப் பக்கத்தையும் பிறகு தமிழ்நாடு அரசு சரணாலயமாக்கியது. மழைநீரும், சங்கராபரணி ஆற்றிலிருந்து சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக வரும் தண்ணீரும்தான் இதற்கு ஆதாரம். பங்குனி, சித்திரையில் தண்ணீர் உள்வாங்கும். மழை பொய்த்த ஆண்டுகளில் பாளம் பாளமாக வெடித்த தரைதான் மிச்சம். ‘சீசன் முடிந்தது’ என்று நீங்கள் எழுதுவது அப்போதுதான்.

அந்த வெடித்த தரையில்தான் ஆள்காட்டிக் குருவி முட்டையிடும். கூடு என்று ஒன்றும் கிடையாது. காலால் கிளறிய சின்னப் பள்ளம், ஓரத்தில் நாலு கூழாங்கல், நடுவில் நாலு முட்டை. கல்லோடு கல்லாக இருக்கும். காலடிக்கு ஒரு சாண் தள்ளி இருந்தாலும் தெரியாது. அடிக்கிற வெயிலில் முட்டை வெந்துவிடாமல் இருக்கத் தாயும் தகப்பனும் மாறி மாறி மிச்சமிருக்கும் குட்டைக்குப் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து மேலே உட்காரும். அதே தரையில் பையன்கள் கிரிக்கெட் ஸ்டம்ப் அடிக்கிறார்கள், வண்டல் அள்ள டிராக்டர் இறங்குகிறது. பையன்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, அவர்களுக்கும் வேறு மைதானம் இல்லை. வண்டலும் வேண்டியதுதான், அள்ளாவிட்டால் ஏரி மேடாகிவிடும். ஆனால் எந்தப் பக்கம் முட்டை இருக்கிறது, எந்தப் பக்கத்திலிருந்து அள்ளத் தொடங்கினால் நல்லது என்று ஒருவராவது கேட்க வேண்டாமா? மே மாதத்தில் ஒரே ஒரு செய்தி வந்தால் அந்தக் கேள்வி உரிய மேசைக்குப் போய்ச் சேரும். நவம்பரில் வரும் பத்துச் செய்தியால் அது நடக்காது.

தண்ணீர் இருக்கும் காலத்தில் இலைக்கோழியைப் பாருங்கள். நீளவால் இலைக்கோழி மழைக்காலத்தில்தான் முழு அலங்காரத்தில் இருக்கும். கழுத்துக்குப் பின்னால் தங்க நிறம், அரிவாள்போல வளைந்த கறுப்பு வால், விரல்கள் ஒவ்வொன்றும் தன் உடம்புக்குச் சம்பந்தமில்லாத நீளம். அந்த விரலால்தான் அல்லி இலைமேல் மூழ்காமல் நடக்கிறது. இதில் பெட்டை பெரியது. முட்டையிட்டுவிட்டு அடுத்த சேவலைத் தேடிப் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் முழுக்க சேவலின் பொறுப்பு. தண்ணீர் ஏறினால் சேவலே முட்டையைத் தள்ளிக்கொண்டோ அலகுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டோ வேறு இலைக்குக் கொண்டுபோகும். குளிர்காலம் வந்தால் அந்த வால் உதிர்ந்துவிடும். நீங்கள் கேமராவோடு வரும் நேரத்தில் அது சாயம் போன சட்டை போட்டுக்கொண்டு நிற்கும், நீங்களும் அதைத் தாண்டிப் போய்விடுவீர்கள். ஏரி முழுக்க ஆகாயத்தாமரை அடைத்துவிட்டாலும் இதற்குக் கஷ்டம். மொத்தத்தையும் இயந்திரம் விட்டுச் சுரண்டி எடுத்தாலும் கஷ்டம். ‘ஏரி சுத்தம் செய்யப்பட்டது’ என்று படத்தோடு செய்தி போடும்போது, அல்லியும் கோரையும் எவ்வளவு விட்டுவைத்தார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டு எழுதுங்கள்.

இப்போது உண்மையான வெளியூர்க்காரர்களைச் சொல்கிறேன். நீங்கள் கேட்ட சைபீரியா இங்கே இல்லாமல் இல்லை. ஆனால் படத்தில் வருவதே இல்லை, காரணம் அவை சின்னவை, மண் நிறத்தவை.

கொசு உள்ளான் என்று ஒன்று உண்டு. கரையோரச் சேற்றில் தையல் இயந்திர ஊசிபோலக் குத்திக்கொண்டே ஓடும். கையில் எடுத்தால் முப்பது கிராம் தேறாது. அது முட்டையிடுவது ஆர்க்டிக் ஓரத்துப் பாழ்நிலத்தில். மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் தகைவிலான், நாற்று நட்ட வயலில் வாலை ஆட்டிக்கொண்டு மேயும் மஞ்சள் வாலாட்டி, மாலையில் கூட்டம் கூட்டமாகச் சுழன்று அடையும் சூறைக்குருவி எல்லாம் இமயத்துக்கு அப்பால் இருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் வருபவை. இன்னும் ஒன்று சொன்னால் நம்பமாட்டீர்கள். உங்கள் வீட்டுக் கொல்லைச் செம்பருத்திப் புதரில் ‘டக், டக்’ என்று நாக்கைச் சொடுக்குவதுபோலச் சத்தம் வருகிறதல்லவா, எட்டிப் பார்த்தால் சிட்டுக்குருவியைவிடச் சின்னதாகப் பழுப்பாக ஒன்று தெரியுமே, அது பிளித் நாணல் கதிர்க்குருவி. பத்துப் பதினைந்து கிராம். பின்லாந்து, ரஷ்யா பக்கத்தில் பிறந்து இங்கே வந்து முருங்கை மரத்தில் புழு பொறுக்குகிறது. உங்கள் அலுவலகத்து வாசலிலேயே ஐரோப்பா இருக்கிறது. ஆளில்லாத ஏரிக்கு எதற்கு ஆஸ்திரேலியாவைக் கூட்டிவருகிறீர்கள்?

வாத்துகளும் உண்டு. ஊசிவால் வாத்து, தட்டை அலகோடு தண்ணீரைச் சல்லடை போடும் ஆண்டி வாத்து, நீலச்சிறகி. இவை பகலில் ஏரியின் நடுவில் மிதந்துகொண்டே தூங்கும், அதனால் கரையிலிருந்து பார்த்தால் வெறும் புள்ளிதான். சேற்றுப் பூனைப்பருந்து தாழ்வாக ஒரு சுற்று வந்தால் மொத்தக் கூட்டமும் எழும்பும். அப்போது எண்ணலாம். நீலச்சிறகியைப் பார்க்க எல்லோரும் நவம்பரில் வருகிறார்கள். அந்த மாதத்தில் சேவலும் பெட்டைபோலவே மங்கலாக இருக்கும். மாசி வாக்கில், திரும்பிப் போகத் தயாராகும் நேரத்தில்தான் சேவலுக்குக் கண்ணுக்கு மேலே வெள்ளைப் பட்டை பளிச்சென்று தெரியும், தலை கருஞ்சிவப்பாகும். அந்த நேரம் கரையில் யாரும் இருப்பதில்லை. நல்ல படம் வேண்டுமென்றால் பிப்ரவரியில் வாருங்கள். இது தொழில் ரகசியம், இலவசமாகத் தருகிறேன்.

எல்லாம் இப்படிக் கத்தரித்ததுபோல உள்ளூர், வெளியூர் என்று பிரிந்துவிடும் என்றும் சொல்லமாட்டேன். நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட நாமக்கோழி இங்கேயே குடும்பம் நடத்தும், குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் கூட்டமும் அதோடு சேர்ந்துகொள்ளும். பார்த்து எது யார் என்று சொல்ல முடியாது. பூநாரைக்கு இந்தியாவில் பெரிய பிரசவ ஊர் குஜராத்தின் கட்ச் உவர்நிலம். மரக்காணம் பக்கம் கழுவேலியில் அதைப் பார்த்துவிட்டு வெளிநாடு என்று எழுதினால் குஜராத்தியர் கோபித்துக்கொள்ள மாட்டார்களா? இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து மங்கோலியாவிலும் முட்டையிடும், நம் லடாக்கிலும் முட்டையிடும். ஆக நாடு என்பது சரியான கேள்வியே இல்லை. ‘எங்கே கூடு கட்டும், இங்கே என்ன சாப்பிட வருகிறது?’ என்று கேளுங்கள். இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்தால் செய்தி தானாக எழுதிக்கொள்ளும்.

போகிற போக்கில் ஒன்று. வெளிநாட்டுப் பெருமைதான் வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. ஏரியைச் சுற்றிய முள்புதர்க் காட்டில் கத்திக்கொண்டு ஓடுகிறதே கவுதாரி, அதன் அறிவியல் பெயரின் பின்பாதி ‘பாண்டிசெரியானஸ்’. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் சொன்னேரா புதுச்சேரிக் கவுதாரியைப் பற்றி எழுதிய விவரத்தை வைத்து, ஜெர்மானியரான க்மெலின் 1789இல் வைத்த பெயர். இரானில் இருக்கும் கவுதாரிக்கும் அதுதான் பெயர். நம் ஊர்ப் பெயரைத் தாங்கி ஒரு பறவை நாடு நாடாக இருக்கிறது. இதுவரை இதை ஒரு பெட்டிச் செய்தியாகக்கூட எங்கும் நான் படித்ததில்லை. பிடித்துச் சாப்பிடுகிறவர்கள் கண்ணில் மட்டும்தான் அது படுகிறது.

சாப்பாடு என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. சுருக்கு, வலை, விஷம் வைத்து நீர்க்கோழியும் மடையானும் பிடிப்பது நம் பக்கத்தில் இன்னும் நிற்கவில்லை. 1972ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். பிடிபட்டவர் மடையான்தானே என்று அலட்சியமாகச் சொல்வார். வெளிநாட்டுப் பறவை செத்தால் முதல் பக்கம், மடையான் செத்தால் செய்தியே இல்லை என்றால் அவர் சொல்வதை நாமும் ஒப்புக்கொண்டதாகத்தானே ஆகிறது?

எண்ணிக்கைக்கு வருகிறேன். ‘பல்லாயிரக்கணக்கான பறவைகள்’ என்று கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். எண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆசிய நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கிறது. பொங்கல் நான்கு நாளிலும் பறவை ஆர்வலர்கள் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். பட்டியலெல்லாம் ஈபேர்டு தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி கிடக்கிறது. ஊசுட்டேரி என்று தேடி, இந்த மாதம் யார் என்ன பார்த்தார்கள், போன வருடம் இதே மாதம் என்ன இருந்தது என்று ஒப்பிட்டுவிடலாம். ஒரு டீ குடிக்கும் நேரம்தான் ஆகும். கருத்துக் கேட்கும்போது புதுச்சேரி வனத்துறையோடு நிறுத்தாமல் தமிழ்நாட்டு வனத்துறையையும் கேளுங்கள், ஏரியில் பாதி அவர்களுடையது. தண்ணீர் எவ்வளவு இருக்கிறது, எப்போது மதகு திறப்பார்கள் என்பதைப் பொதுப்பணித்துறை சொல்லும். பறவைச் செய்தியில் தண்ணீர் மட்டத்தையும் போட்டுப் பாருங்களேன். வீராணத்தில் நாற்பத்தேழரை அடி நிரம்பியதா என்று மட்டும் தினம் போடுகிறீர்கள், சென்னைக்குத் தண்ணீர் போகிறதே. அந்த அளவு குறையக் குறையக் கரையோரம் சேறு வெளியே வந்து உள்ளான்களுக்குச் சாப்பாடு கிடைக்கும், ஆழத் தண்ணீர் வேண்டிய வாத்துகள் இடம் மாறும். ஒரே எண்ணில் இரண்டு செய்தி இருக்கிறது.

படம் எடுக்க வரும் தம்பிகளுக்கு மட்டும் தனியாக நாலு வார்த்தை. கூடு இருக்கும் இடத்தின் லொகேஷனைப் போடாதீர்கள். முட்டையை, குஞ்சை நெருக்கத்தில் எடுத்துப் போட்டால் அடுத்த ஞாயிறு ஐம்பது பேர் அங்கே நிற்பார்கள், தாய் திரும்ப வராது. டிரோன் வேண்டவே வேண்டாம். பறவைக்கு அது பருந்துபோலத்தான் தெரியும். கூட்டம் பதறி எழும்பும் காட்சி வீடியோவில் பிரமாதமாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு தடவை எழும்பும்போதும் அவை மேய்ச்சலை விட்டுவிட்டுத் தெம்பைச் செலவு செய்கின்றன. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் திரும்பிப் போக வேண்டிய உடம்பு அது. பறக்கவைப்பதற்காகக் கல் எறிகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் பத்திரிகைக்காரர்கள் இல்லை என்றே நம்ப ஆசை.

பார்க்க வரும் குடும்பங்களுக்கும் நீங்கள் சொன்னால்தான் போய்ச் சேரும். நகரத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான், வில்லியனூர், பத்துக்கண்ணு வழியாக வந்துவிடலாம். ஆனால் பதினொரு மணிக்குப் புளியோதரைப் பொட்டலத்தோடு வந்தால் கானல்தான் தெரியும். ஆறரை மணிக்கு வரச்சொல்லுங்கள். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து, ஒரே இடத்தில் அரை மணி நேரம் உட்காரச்சொல்லுங்கள். சிவப்புச் சட்டை, ஸ்பீக்கர் பாட்டு இரண்டையும் வீட்டில் வைத்துவிட்டு வரட்டும். பறவையைத் தேடிக் கரை முழுக்க நடந்தால் முன்னால் போகப்போக எல்லாம் பறந்துவிடும். உட்கார்ந்திருந்தால் முக்குளிப்பான் தானாகவே பக்கத்தில் வந்து எழும். பள்ளிக்கூடப் பேருந்து வந்தால் எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றாக இறக்காமல் பத்துப் பத்துப் பேராக இறக்கினால் எல்லோருக்கும் ஏதாவது தெரியும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள், இதைச் செய்தால் மேலே எழுதியது எல்லாவற்றையும் மறந்துவிடலாம். அடுத்த முறை ஏரி நிரம்பும்போது கூழைக்கடாப் படத்தோடு ‘வேடந்தாங்கல் கூழைக்கடா ஊசுட்டேரிக்கு மீன் பிடிக்க வந்தது’ என்று ஒரு தலைப்புப் போட்டுப் பாருங்கள். விற்கவில்லை என்றால் மறுநாளே ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பிவிடுங்கள், கேட்க மாட்டேன். சித்திரையில் ஆள்காட்டி முட்டையைப் பார்க்க ஒருவராவது வருவதாக இருந்தால், தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் கொண்டுவாருங்கள். கரையில் நிழல் குறைவு. முன்கூட்டியே கேமராவை எடுத்துவிடாதீர்கள், எங்கே கால் வைப்பது என்று முதலில் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஏரிக்கரையில் அடிக்கடி தட்டுப்படும் ஒரு வில்லியனூர்க்காரன்